வீரம் என்றால் வாளும் மீசையும்தானா? எட்டாம் வகுப்புக்கு எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?

#1 கரும்பலகை

எல்லாருக்கும் வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். இந்தப் பருவத்தில் எட்டாம் வகுப்பு நீதிபோதனையும் என் தலையில் விழுந்திருக்கிறது. எச்.எம். கொடுத்த தலைப்பு "நாயகர்களின் பண்புகள் வழியாகத் துணிவு". கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் வகுப்பில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, உங்களுக்குப் பிடித்த வீரர் யார், அவரிடம் என்ன பண்பைப் பார்த்தீர்கள் என்று எழுதச் சொன்னேன். கட்டபொம்மன், ஜான்சி ராணி, இரண்டு நடிகர்கள், ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர். பண்பு என்ற இடத்தில் எல்லாத் தாளிலும் ஒரே வரிசை: வீரம், துணிச்சல், அஞ்சாமை, தைரியம். வீரனிடம் வீரம் இருந்தது, அவ்வளவுதான். பேச்சுப் போட்டிக்கு நாம் எழுதிக் கொடுத்ததையே பிள்ளைகள் நமக்குத் திருப்பித் தருகிறார்கள்.

ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். "எனக்கு நாய்னா பயம், இருட்டுன்னா பயம், கணக்கு சார்னா பயம். அதனால நான் ஹீரோ ஆக மாட்டேன்."

என் சிக்கல் இதுதான். வீரக் கதைகளைச் சொல்லச் சொல்ல, பயப்படுகிற பிள்ளை "இது எனக்கான பாடம் இல்லை" என்று ஒதுங்கிக்கொள்கிறது. ஏற்கெனவே சண்டைக்கு நிற்கிறவன் இன்னும் நெஞ்சை நிமிர்த்துகிறான். நீங்கள் வகுப்பில் என்ன செய்கிறீர்கள்? உண்மையில் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள். கட்டுரை வேண்டாம், அது என்னிடமே கட்டுக்கட்டாக இருக்கிறது.

#2 ஒட்டுமீசை

மாறுவேடப் போட்டி நடத்துகிறவன் என்ற முறையில் சாட்சி சொல்கிறேன். ஒரே மேடையில் வரிசையாகக் கட்டபொம்மன்கள். அட்டைக் கத்தி, கண்மையில் வரைந்த மீசை, சினிமாவில் கேட்ட வசனம். ஒருவன் வசனத்தை மறந்தால் அடுத்து நிற்கிறவன் எடுத்துக் கொடுப்பான்!

1798-இல் கலெக்டர் ஜாக்சன் அந்த மனிதரைப் படுத்திய பாடு ஒரு பிள்ளைக்கும் தெரியாது. பார்க்க வா என்று ஆள் அனுப்பிவிட்டு, குற்றாலத்துக்குப் போனால் பார்க்க முடியாது, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் அங்கேயும் முடியாது. வெயிலில் ஊர் ஊராக அலையவிட்டுக் கடைசியில் ராமநாதபுரத்தில் நிற்க வைத்துப் பேசினார். கைகலப்பில் அங்கிருந்து தப்பி வந்த கட்டபொம்மன் அடுத்து செய்தது என்ன? சென்னைக்கு மனு எழுதினார். விசாரணைக் குழு அவர் பக்கம் தீர்ப்பு சொல்லி, ஜாக்சனின் வேலையும் போனது. மனு எழுதுகிற கட்டபொம்மனாக இதுவரை ஒரு பிள்ளையும் வேஷம் போட்டு வந்ததில்லை.

#3 சீமைக்காரன்

இந்தக் கேள்வி எங்கே வந்தாலும் "வாள் எடுத்தவர்களை விட்டுவிட்டு விஞ்ஞானிகளைச் சொல்லுங்கள்" என்று யாராவது வந்துவிடுவார்கள். அவர்கள் வருவதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். வாள் எடுத்தவர்களை விடவேண்டாம் டீச்சர். அவர்கள் வாள் எடுக்காமல் இருந்த வருஷங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் சிவகங்கை ராணி வேலு நாச்சியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1772 ஜூனில் காளையார்கோவிலில் அவர் கணவர், மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்படுகிறார். கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் சேர்ந்து நடத்திய தாக்குதல். சிவகங்கைக்கு உசேன் நகர் என்று பெயரையே மாற்றினார்கள். வேலு நாச்சியார் சின்ன மகள் வெள்ளச்சியோடு தப்பி, உங்கள் மாவட்டத்தில் இருக்கும் விருப்பாச்சிக்குத்தான் வந்து சேர்ந்தார். சிவகங்கையைத் திரும்பப் பிடித்தது 1780-இல். நடுவில் 8 வருஷம்.

பாடத்தில் அந்த 8 வருஷம் எத்தனை வரி வரும்? "விருப்பாச்சியில் தங்கிப் படை திரட்டினார்." முடிந்தது. அடுத்த வரியில் குதிரை ஏறிவிடுவார்.

அந்த ஒரு வரியைத்தான் நான் ஒரு வகுப்பு முழுக்க இழுப்பேன். புருஷன் செத்துவிட்டார். நாடு போய்விட்டது. மகள் சின்னப் பிள்ளை. இருப்பது அடுத்தவர் பாளையம். பிரதானி (அமைச்சர்) தாண்டவராய பிள்ளை மைசூருக்கு, ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதுகிறார்: 5,000 குதிரை, 5,000 காலாள் கொடுத்து உதவுங்கள் என்று. அது 1772 டிசம்பர். படை உடனே வந்துவிடவில்லை. கடிதம் எழுதிய தாண்டவராய பிள்ளையே வெற்றியைப் பார்க்காமல் இறந்துபோகிறார். ராணி இன்னும் காத்திருக்கிறார். பிள்ளைகளிடம் கேளுங்கள்: மூன்றாவது வருஷம் உதவி வரவில்லை, நாலாவது வருஷம் வரவில்லை, காலையில் எழுந்து அந்த அம்மா என்ன செய்திருப்பார்?

என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், அப்போ அவங்க ஓடிப்போனவங்கதானே?" என்றான். வகுப்பே அவனைத் திட்டியது. நான் திட்டவிடவில்லை. நல்ல கேள்வி அது. காளையார்கோவிலிலேயே நின்று செத்திருந்தால் 1780 வந்திருக்காது என்று கடைசியில் அவனே சொன்னான்.

#4 முத்துக்குளி

தூத்துக்குடிப் பக்கத்து ஆசிரியன் நான். மேலே இருப்பவர்கள் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் வீரரின் பெயரைப் போர்டில் எழுதிய உடனே பாதி வகுப்பு காதை மூடிக்கொள்ளும். அவர் யாருடைய ஆள் என்பது பையன்களுக்குத் தெரியும். ஒரு பெயரை எழுதினால் இந்தப் பெஞ்சில் கைதட்டல், அடுத்த பெயரை எழுதினால் அந்தப் பெஞ்சில். சட்டைக்குள் பனியனில் ஒருவர் படம், மணிக்கட்டில் ஒரு நிறத்தில் கயிறு. நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது சும்மா இல்லை. ஊருக்காக நின்றவர்களைத் தெருவுக்கு ஒருவராகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

அதனால் நான் பெயரைச் சொல்லாமல்தான் கதையைத் தொடங்குவேன். "ஒரு வக்கீல் இருந்தார். நல்ல வருமானம். கடலில் வெள்ளைக்காரன் கப்பல் மட்டும்தான் ஓடியது. இவர் பங்கு சேர்த்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார், பங்கு 25 ரூபாய். வெள்ளைக்காரன் கட்டணத்தைக் குறைத்தான். அப்புறம் ஓசியிலேயே ஏற்றினான், கூடவே குடையும் கொடுத்தான். அது போதாதென்று இந்த வக்கீல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்திலும் போய் நின்றார். கூலியை உயர்த்து, வாரத்தில் ஒரு நாள் லீவு கொடு என்று கேட்டார். தொழிலாளி பக்கம் ஜெயித்தது. இப்போது கலெக்டர் திருநெல்வேலிக்குக் கூப்பிட்டு அனுப்புகிறார். போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை."

அங்கே நிறுத்திவிடுவேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இப்போ என்ன பண்ணுவீங்க?" என்பேன்.

ஒருத்தன், "போகக்கூடாது சார்." ஒருத்தன், "ஆள் சேர்த்துக்கிட்டுப் போகணும் சார்." எப்போதும் ஒருத்தியாவது, "வீட்ல பிள்ளைக இருக்கா சார்?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். தைரியசாலிக்கும் வீடு இருக்கிறது, அரிசி வாங்க வேண்டும் என்று அந்த இடத்தில்தான் அவர்களுக்கு உறைக்கிறது. "பாண்டிச்சேரிக்கு ஓடிரலாம் சார், அங்க பிரெஞ்சுக்காரன் ஆட்சி" என்று ஒருவன் சொன்னதும் உண்டு. அதுவும் நடந்ததுதானே. அதே 1908-இல் பாரதியார் பாண்டிச்சேரிக்குப் போய் அங்கிருந்து பத்திரிகை நடத்தினார். போனவர் கோழையா, நின்றவர் முட்டாளா என்று அன்று மணி அடிக்கும்வரை சண்டை.

பெயரைக் கடைசியில்தான் சொல்வேன். அதற்குள் எல்லாப் பெஞ்சும் அவர் பக்கம் வந்துவிட்டிருக்கும்.

#5 கரும்பலகை

முத்துக்குளி சார், குடை வந்த உடனே என் வகுப்பில் கண்டுபிடித்துவிடுவார்கள், வ.உ.சி. பாடத்தில் இருக்கிறார். அப்போது என்ன செய்வீர்கள்?

#6 முத்துக்குளி

கண்டுபிடித்தவன் சொல்லக்கூடாது, தாளில் எழுதி என்னிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு சாக்லெட். அவ்வளவுதான் டீச்சர் ரகசியம்.

இன்னொன்று, தண்டனையோடு கதையை முடித்துவிடாதீர்கள். 40 வருஷம் என்று நீதிபதி பின்ஹே தீர்ப்பு எழுதியது, செக்கிழுத்தது எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தாரே, அதற்கப்புறம்? கப்பல் இல்லை, வக்கீல் சன்னது (தொழில் உரிமம்) இல்லை, கையில் காசு இல்லை. மண்ணெண்ணெய், அரிசி என்று வியாபாரம் பார்த்திருக்கிறார். 1936-இல் இறக்கும்வரை, கிட்டத்தட்ட 24 வருஷம் கஷ்ட வாழ்க்கை. வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். இதைச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். எதிரி நாட்டுக்காரன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கவும் ஒரு நெஞ்சு வேண்டும்.

#7 ஆற்றுப்படுத்துநர்

பள்ளிகளில் மாணவர் ஆலோசகராக வேலை செய்கிறேன். ஒரு எச்சரிக்கை. நம் வீரக் கதைகளில் பாதிக்கு மேல் சாவில் முடிகிறது. குறிப்பாக, வேலு நாச்சியார் படையில் இருந்ததாகச் சொல்லப்படும் குயிலி கதை, உடம்பில் நெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்வது. மேடையில் கைதட்டு வாங்கும் கதை. ஆனால் 13 வயதுப் பிள்ளைகள் 40 பேர் இருக்கும் அறையில், வீட்டில் கஷ்டத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். "உயிரைக் கொடுத்தால்தான் பெரிய ஆள்" என்பது மட்டும் அதன் மனசில் தங்கும். தீக்குளிப்பு நம் ஊரில் கேள்விப்படாத சங்கதியும் இல்லை. எட்டாம் வகுப்புக்கு அந்தக் கதை வேண்டாம் என்பது என் கருத்து.

#8 சீமைக்காரன்

வந்துவிட்டார்கள் பார்த்தீர்களா! அம்மா, இன்று கட்டபொம்மன் தூக்கும் வேண்டாம் என்பீர்கள், நாளை கொடிகாத்த குமரனும் வேண்டாம் என்பீர்கள். 1932-இல் திருப்பூரில் தடியடி வாங்கிச் செத்தவரைச் சாகாமலா சொல்ல முடியும்? வேலு நாச்சியார் பெயரைச் சொல்லிவிட்டுக் குயிலியை விட்டால் எங்கள் ஊரில் கேட்பார்கள். சூரக்குளத்தில் வேலு நாச்சியார் நினைவு மண்டப வளாகத்திலேயே குயிலிக்கும் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறது அரசாங்கம்.

#9 ஆற்றுப்படுத்துநர்

ஐயா, குமரனைச் சொல்லுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். அவர் சாகப் போகவில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார், அடித்தார்கள், கொடியை விடவில்லை. அந்தக் கதையில் சாவு அடித்தவன் செய்த குற்றம். குயிலி கதை சொல்லப்படும் விதத்தில் சாவே சாதனை. பிள்ளைகளிடம் எனக்கு அந்த இடத்தில்தான் பயம். ஊரில் நினைவுச் சின்னம் இருக்கட்டும், நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். எந்த வயதில் எந்தக் கதை என்பதுதான் என் பேச்சு.

#10 பழைய ஏடு

குயிலி பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து ஆவணம் எதிலும் குயிலிக்குச் சான்று காட்டியவர் இல்லை. வாய்மொழியாகவும் பின்னால் எழுதியவர்கள் வழியாகவும் வந்த கதை. பொய் என்று நான் சொல்லவில்லை. "சிவகங்கையில் மக்கள் இப்படிச் சொல்கிறார்கள்" என்று சொல்லிக் கொடுக்கலாம். 1780-இல் ராணி திரும்பி வந்ததற்கு இருக்கும் சான்றையும் இதையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

உங்கள் வகுப்புக்கு நான் சொல்வது தில்லையாடி வள்ளியம்மை. பிள்ளைகளுக்கு மூன்று வயது மூத்தவள், அவ்வளவே. பிறந்தது 1898-இல் ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடி பெற்றோரின் ஊர், அவள் அதைப் பார்த்ததே இல்லை. 1913-இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று கிறித்துவ முறையில் நடந்த திருமணம்தான் செல்லும் என்றது. அதாவது வள்ளியம்மையின் அம்மா அப்பா கல்யாணமே செல்லாது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் மீது 3 பவுன் தலைவரி வேறு. பெண்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் மாகாண எல்லையைக் கடந்து கைதானார்கள். வள்ளியம்மைக்கு 3 மாதக் கடுங்காவல். காய்ச்சலோடு வெளியே வந்தாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தவளைப் பார்க்கப் போன காந்தி, சிறைக்குப் போனதற்கு வருத்தப்படுகிறாயா என்று கேட்டிருக்கிறார். இப்போது கைது செய்தாலும் போகத் தயார் என்றாள். 1914 பிப்ரவரி 22-இல் இறந்தாள், 16 வயது.

சேலையைக் கிழித்து மூவர்ணக் கொடி செய்து காட்டினாள் என்று மேடையில் முழங்குவார்கள். காந்தி எழுதியதில் அது கிடையாது. 1913-இல் இன்றைய மூவர்ணக் கொடி ஏது? அந்த ஜரிகையெல்லாம் அவளுக்குத் தேவையே இல்லை. "அம்மா அப்பா கல்யாணம் செல்லாதுன்னு ஒருத்தன் சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் நின்றால் போதும்.

ஆற்றுப்படுத்துநர் அம்மா, இதுவும் சாவில் முடிகிறது என்பீர்கள். ஆனால் அவள் போனது சிறைக்கு.

#11 ஈப்போ ஆசிரியை

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் நன்னெறிக் கல்வி கற்பிக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து ஒருவர்: சிபில் கார்த்திகேசு. சுமத்ராவில் மேடானில் பிறந்த யூரேசியப் பெண், தாதி. கணவர் இலங்கைத் தமிழ் வழி வந்த டாக்டர். ஜப்பானியர் ஆட்சியில் ஈப்போவை விட்டுப் பக்கத்தில் இருக்கும் பாப்பான் என்ற சின்ன ஊருக்குப் போய், முதன்மைச் சாலை 74-ஆம் எண் வீட்டில் மருந்தகம் வைத்திருந்தார். பகலில் ஊர் மக்களுக்கு வைத்தியம். இரவில் காட்டிலிருந்து வரும் எதிர்ப்புப் படை ஆட்களுக்கு. வீட்டுக்குள் வானொலியை ஒளித்து வைத்து பிபிசி கேட்டார், அப்போது அதற்கே தலை போகும். 1943-இல் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள், அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போருக்குப் பிறகு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. பட்ட காயம் தீராமல் 1948-இல் இறந்தார்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சித்திரவதைப் பகுதியை நான் சொல்வதில்லை. ஒரே ஒரு காட்சிதான். இரவு. பின்கதவில் தட்டும் சத்தம். வெளியே அடிபட்ட ஒருவன். உள்ளே உன் பிள்ளைகள் தூங்குகிறார்கள். கதவைத் திறப்பாயா? திறக்க மாட்டேன் என்று சொல்லும் பிள்ளையை நான் திருத்துவதில்லை. ஏன் என்று மட்டும் கேட்பேன். "அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், டீச்சர்" என்பார்கள். அந்த அம்மாவும் அதையேதான் நினைத்திருப்பார், இருந்தும் திறந்தார். இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

#12 விசில்

பி.இ.டி. (உடற்கல்வி) வாத்தியார். வரலாறு எனக்கு வராது. ஆனால் தைரியம் என்று பிள்ளைகளிடம் பேசப் போகிற எல்லாரும் தண்ணீரைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். கோடை லீவு வந்தால் கிணறு, குட்டை, கல்குவாரி. செய்தியைக் கவனித்துப் பாருங்கள், முழுகினவன் ஒருத்தன், காப்பாற்றக் குதித்தவனும் சேர்ந்து போயிருப்பான். அண்ணன் தம்பி, அம்மா மகன் என்று ஒரே வீட்டில் இரண்டு. முழுகுகிறவன் கைக்கு எது கிடைத்தாலும் கட்டிப் பிடித்து அமுக்குவான், அது அவன் குற்றம் இல்லை. நீச்சல் தெரிந்தவனையும் கீழே இழுத்துவிடுவான்.

"அஞ்சுவது அஞ்சாமை பேதைமை" என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். டீச்சர் அந்தக் குறளை மனப்பாடம் பண்ண வைப்பார், நான் மைதானத்தில் செய்ய வைக்கிறேன். நீளமான கயிறு, முனையில் பாதி தண்ணீர் விட்ட பிளாஸ்டிக் பாட்டில். காலி பாட்டில் காற்றில் திரும்பிவிடும், நிறைத்தால் கனம். பாதிதான் சரி. கரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு எறிய வேண்டும். நின்றுகொண்டு எறிந்தால் அவன் இழுக்கிற இழுப்பில் நீயும் உள்ளே. எறிவதற்கு முன்னால் கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும், ஒருத்தன் பெரியவர்களைத் தேடி ஓட வேண்டும். இந்த வரிசையில் "குதி" எங்கேயும் கிடையாது. கயிறு இல்லையென்றால் மூங்கில், காலிக் குடம், துண்டு, சேலை.

சேலை என்றால் சிரிப்பார்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் பையன்கள் முழுகியபோது மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசித்தான் இரண்டு பேரை இழுத்தார்கள். மற்ற இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மாதமே மூவருக்கும் அரசின் கல்பனா சாவ்லா விருது. எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அந்த இரண்டு பேரும் இல்லை. என் வகுப்பில் வீராங்கனை என்றால் முதலில் அவர்கள்தான்.

அப்புறம், குழந்தைகளுக்கான தேசிய வீரதீர விருது எப்படி வந்தது தெரியுமா? 1957 அக்டோபர் 2, டெல்லி ராம்லீலா மைதானம், நேரு உட்கார்ந்திருந்த நிகழ்ச்சி. பந்தலில் தீப்பிடித்தது. 14 வயது சாரணன் ஒருவன் கம்பத்தில் ஏறித் துணியைக் கத்தியால் அறுத்துவிட்டு, உள்ளே மாட்டியவர்களுக்கு வழி செய்தான். அந்தக் கத்தியைப் பிடிக்க அவனுக்கு யாரோ முன்பே பழக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் நான் பார்க்கிறேன்.

#13 ஒரு அப்பா

ஆசிரியர்கள் நடுவில் பெற்றோர் ஒருவன் புகுந்ததற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லாம் அருமையாக எழுதுகிறீர்கள். என் மகன் ஏழாவது. வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது, பக்கத்துப் பையனை வெளியே நிறுத்தினார்கள். என் மகன் எழுந்து, "அவன் உடைக்கலை சார், நான் பார்த்தேன்" என்றான். "உன்னைக் கேட்டேனா?" என்று இவனையும் சேர்த்து வெளியே நிறுத்தினார்கள். அந்த மாதமே அதே பள்ளி ஆண்டுவிழாவில் வீரமங்கை நாடகம். வீட்டுக்கு வந்தவன் கேட்டான், "இனிமே வாயை மூடிக்கிறதா, என்ன பண்றது?" நான் சரியான பதில் சொல்லவில்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

#14 பின்பெஞ்சு

கணக்கு எடுக்கிறேன். (முதல் பதிவில் வரும் கணக்கு சார் நான் இல்லை, வேறு மாவட்டம்.)

அப்பா கேட்டதுதான் இந்த இழையின் முக்கியமான கேள்வி. 1798-இல் ஜாக்சன் செய்ததை வகுப்பில் திட்டிவிட்டு, ஸ்டாஃப் ரூமில் நாம் ஜாக்சனாக உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்குத் தெரியாதா? உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: நீ செய்தது சரி. அடுத்த முறை எல்லார் முன்னாலும் வேண்டாம், வகுப்பு முடிந்ததும் போய்ச் சொல், கூட ஒரு சாட்சியைக் கூட்டிக்கொள். கேட்கவில்லையா, எச்.எம்.மிடம் எழுதிக் கொடு. இது பயந்து பின்வாங்குவது இல்லை, ஜெயிக்கிற வழி. அரசுப் பள்ளியாக இருந்தால் "மாணவர் மனசு" புகார்ப் பெட்டி இருக்கும். அடி, தொந்தரவு என்று பெரிய விஷயமாக இருந்தால் 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்). இந்த இரண்டு எண்ணையும் நான் ஜூன் மாதமே போர்டு மூலையில் எழுதிவிடுவேன், வருஷம் முழுக்க அழிக்க மாட்டேன்.

என் பாடத்தில் துணிவு என்றால் "புரியலை சார்" என்று கை தூக்குவது. தூக்கிய உடனே பின்னால் ஒரு சிரிப்பு வரும். சிரித்தவனைத் திட்டுவதில்லை, அதே கணக்கைப் போர்டில் வந்து போடச் சொல்வேன். பெரும்பாலும் அவனுக்கும் தெரியாது. கரும்பலகை டீச்சர், அந்தப் பெண் நாய், இருட்டு, கணக்கு சார் என்று பேர் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாளே, மற்ற யாராவது தன் பயத்தை எழுதினார்களா? தாளில் வீரம் வீரம் என்று நிரப்பியவர்களைவிட அவளுக்குத்தான் அன்று தில் இருந்திருக்கிறது. அதை அவளிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

#15 கரும்பலகை

எல்லாருக்கும் நன்றி. முடிவெடுத்ததைச் சொல்கிறேன், குறை இருந்தால் திட்டுங்கள்.

"பண்பு" என்ற கட்டத்தைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் மூன்று கேள்வி: அவருக்கு எதை நினைத்துப் பயம் இருந்திருக்கும்? என்ன போய்விடும் என்று தெரிந்திருந்தது? கூட யார் நின்றார்கள்? மூன்றாவது கேள்வி விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரை நினைத்து வந்தது. வேலு நாச்சியாருக்கு இடம் கொடுத்தால் கம்பெனியும் நவாபும் தன் மேல் பாய்வார்கள் என்று விருப்பாச்சிக்காரருக்குத் தெரியாதா? கொடுத்தாரே. அவரையும் 1801-இல் தூக்கில் போட்டார்கள். பக்கத்தில் நிற்பவனும் கணக்கில் வருவான் என்பதை எட்டாம் வகுப்புக்கு இதைவிடப் பக்கமாக எங்கே போய்க் காட்ட?

வள்ளியம்மையை எடுக்கிறேன், வ.உ.சி.யைப் பெயர் சொல்லாமல் எடுக்கிறேன், கயிறு எறிவது எங்கள் பி.இ.டி. சாரிடம் பேசியாகிவிட்டது. குயிலியை இந்த வருஷம் எடுக்கவில்லை. சீமைக்காரன் சார் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டேன், என்ன பேசினேன் என்பது இங்கே வேண்டாம்.

ஒரு ஆசை. ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி ரோட்டில் விருப்பாச்சி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் கோபால் நாயக்கர் மணிமண்டபத்தைக் காட்டிவிட்டு, அங்கேயே உட்கார வைத்து ஹைதர் அலிக்கு ராணி சார்பில் ஒரு கடிதம் எழுதச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். யாராவது வகுப்போடு போயிருக்கிறீர்களா?

#16 சீமைக்காரன்

கோபம்தான், ஆனால் விருப்பாச்சி என்றதும் போய்விட்டது. குயிலியை ஒன்பதாம் வகுப்பில் "மக்கள் சொல்லும் கதை" என்று சொல்லியே எடுங்கள், பழைய ஏடு சொன்ன மாதிரி. அதற்கு நான் சம்மதம்.

கடிதத்தை வெறுமனே எழுதச் சொல்லாதீர்கள். பாதிப் பேர் ராணி சார்பில் எழுதட்டும், மீதிப் பேர் ஹைதர் அலியாக இருந்து "இப்போது படை அனுப்ப முடியாது" என்று பதில் எழுதட்டும். பிறகு அந்தப் பதிலை வாங்கிய ராணி மறுபடி எழுத வேண்டும். அந்த இரண்டாவது கடிதம்தான் பாடம்.

#17 விசில்

மணிமண்டபம் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே ஆள் விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள் டீச்சர். பெற்றோர் கையெழுத்து, முதலுதவிப் பெட்டி, தண்ணீர் கேன். பக்கத்தில் ஓடை, அணை எதுவாக இருந்தாலும் இறக்கவே வேண்டாம். எங்கள் கயிறு பாட்டிலையும் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள், வண்டியில் கிடக்கட்டும்.

#18 கரும்பலகை

சரி சார். சனிக்கிழமை எச்.எம்.மிடம் கேட்கிறேன். அனுமதி கிடைத்தால் இதே இழையில் கடிதங்களைத் தட்டச்சு செய்து போடுகிறேன், பெயர் இல்லாமல்.